சுடுவது தெரியாத பாதம், தாகம் தெரியாத உடல்: வெப்பத்தையும் வலியையும் மூளை அறியும் விதம்

2024ஆம் ஆண்டு அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் ஒருவர் உயிரிழந்தால், மரணத்துக்கான காரணம் உரிய முறையில் சான்றளிக்கப்படும் நிலையில், அவருடைய குடும்பத்துக்கு மாநிலப் பேரிடர் நிதியிலிருந்து 4 லட்சம் ரூபாய் நிவாரணம் பெற இதனால் வழி ஏற்பட்டது. வெயில் என்பது பொறுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று என்ற பழைய எண்ணத்தை அரசு கைவிட்டதன் அடையாளம் இது என்ற வகையில் இதை வரவேற்க வேண்டும். ஆனால் நிவாரணம் இறப்புக்குப் பிறகு வருவது. வெயிலுக்கும் இறப்புக்கும் இடையே சில மணி நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் தன் உடல் சுடுகிறது என்பதை அந்த மனிதர் ஏன் அறியவில்லை என்பதை விளக்குவதே இந்தப் பக்கத்தின் நோக்கம்.

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் கோடையில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது புதிதல்ல. "இந்த வெயிலெல்லாம் நமக்குப் பழகியதுதான், தாங்க முடியாவிட்டால் உடம்பே சொல்லிவிடும்" என்று புறநோயாளிப் பிரிவில் பெரியவர்கள் கூறுவதை நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். முதல் பாதி ஓரளவு உண்மை. உடல் வெயிலுக்குச் சில வாரங்களில் பழகிக்கொள்ளும். இரண்டாம் பாதியைத்தான் நம்ப முடியாது. நீரிழிவு உள்ளவர்கள், முதியவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், சில மாத்திரைகளைத் தொடர்ந்து உட்கொள்பவர்கள் ஆகியோரில் பலருக்கு உடம்பு சொல்லாது. சொன்னாலும் தாமதமாகச் சொல்லும், அல்லது சூடே இல்லாதபோது சுடுகிறது என்று சொல்லும்.

மிளகாயும் நெருப்பும் ஒரே கதவைத் தட்டுகின்றன

ராமநாதபுரம் முண்டு மிளகாயைக் கடித்தவருக்கு வாய் எரிகிறது. வாயில் வெப்பமானி வைத்துப் பார்த்தால் சூடு கூடியிருக்காது. இருந்தும் "எரிகிறது" என்ற சொல்லையே எல்லோரும் பயன்படுத்துகிறோம். இது வெறும் பேச்சு வழக்கு அன்று என்பது 1997ஆம் ஆண்டு தெரியவந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜூலியஸ் என்பவரின் குழு, மிளகாயின் காரப் பொருளான கேப்சைசின் நரம்பு நுனியில் எந்தப் புரதத்தின் மீது செயல்படுகிறது என்பதைக் கண்டறிந்தது. டி.ஆர்.பி.வி.1 எனப்படும் அந்தப் புரதம் ஏறத்தாழ 43 டிகிரி வெப்பத்திலும் திறந்துகொள்கிறது என்பது அடுத்துத் தெரிந்தது. அதாவது, மிளகாயும் நெருப்பும் ஒரே கதவைத் தட்டுகின்றன. கதவைத் தட்டியவர் யார் என்பதை மூளையால் பார்க்க முடியாது. கதவு திறந்த செய்தி மட்டுமே அதற்குப் போய்ச் சேர்கிறது. இந்தக் கண்டுபிடிப்புக்காக ஜூலியஸ், தொடுஉணர்வின் உணர்வேற்பிகளைக் கண்டறிந்த ஆர்டெம் படபூட்டியனுடன் சேர்ந்து 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பெற்றார். குளிர்ச்சிக்கும் இவ்வாறே வேறொரு கதவு உண்டு. தலைவலித் தைலத்திலுள்ள மெந்தால் அதைத் திறப்பதால்தான் தைலம் பூசிய நெற்றி குளிர்ந்ததுபோல் தோன்றுகிறது.

இந்தக் கதவு எப்போதும் 43 டிகிரியில்தான் திறக்கும் என்பதும் இல்லை. தோலில் அழற்சி இருந்தால் அங்கு சுரக்கும் பொருள்கள் அதைக் குறைந்த சூட்டிலேயே திறக்கச் செய்கின்றன. வெயிலில் கன்றிப்போன தோளில் வெதுவெதுப்பான நீர் பட்டாலும் "சுரீர்" என்பது இதனால்தான். நீரில் குறையில்லை, கதவு தளர்ந்திருக்கிறது.

கதவு திறந்த செய்தி இரண்டு வகை நரம்பிழைகளில் பயணிக்கிறது. மெல்லிய உறை போர்த்திய இழைகள் விநாடிக்கு 5 முதல் 30 மீட்டர் வரை வேகத்தில் செய்தி அனுப்பும். உறையில்லாத மிக நுண்ணிய இழைகளில் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். சூடான தோசைக்கல்லில் விரல் பட்டவுடன் முதலில் "சுருக்" என்று ஒரு கூர்மையான வலி. ஒரு நொடி கழித்து நெடுநேரம் நீடிக்கும் காந்தல். அவை இரண்டு வலிகள் அல்ல. ஒரே செய்தி இரண்டு வழிகளில் வந்து சேர்ந்தது. கையை இழுத்துக்கொள்ளும் ஆணையைத் தண்டுவடமே பிறப்பித்துவிடும். மூளைக்குத் தெரியும் முன்பே கை விலகியிருக்கும். செய்தி தண்டுவடத்தில் மறுபக்கத்துக்குத் தாண்டி மேலே ஏறி, மூளையின் நடுவிலுள்ள தலாமஸை அடைந்து, அங்கிருந்து பல பகுதிகளுக்குப் பிரிகிறது. எந்த இடம் என்பதை ஒரு பகுதியும், எவ்வளவு சூடு என்பதை இன்சுலா என்னும் பகுதியும், "இது வேண்டாம், தப்பித்துக்கொள்" என்ற வேதனையை வேறொரு பகுதியும் கவனிக்கின்றன. வலிக்கென்று மூளையில் தனியாக ஒரே இடம் கிடையாது.

மூளை இச்செய்தியை அப்படியே ஏற்பதும் இல்லை. அலங்காநல்லூரிலோ பாலமேட்டிலோ வாடிவாசலில் நிற்கும் வீரருக்கு மாட்டின் கொம்பு தொடையைக் கிழித்தது, களத்தைவிட்டு வெளியே வந்து இரத்தத்தைப் பார்த்த பிறகே தெரியவருவதுண்டு. ஆபத்தில் ஓட வேண்டிய நேரத்தில் நடு மூளையிலிருந்து கீழிறங்கும் நரம்பு வழிகள், தண்டுவடத்திலேயே வலிச் செய்தியை அடைத்துவிடுகின்றன. இவ்வாறு தண்டுவடத்தில் ஒரு வாயில் உண்டு என்ற கருத்தை மெல்சாக், வால் என்னும் இருவர் 1965ஆம் ஆண்டில் முன்வைத்தனர். அவர்கள் கூறிய விவரங்கள் பின்னர் திருத்தப்பட்டன. அடிப்படைக் கருத்து நிலைத்துவிட்டது. அடிபட்ட இடத்தைத் தேய்த்துவிட்டால் வலி குறைவதும் அந்த வாயிலின் வேலைதான். அச்சமும் கவலையும் தூக்கமின்மையும் அதே வாயிலை அகலத் திறந்துவிடும் என்பதை நோயாளிகளும் வீட்டாரும் நினைவில் கொள்ள வேண்டும். "மனசுல இருக்குற கவலைதான் வலி" என்று வீட்டில் சொல்வது சரியன்று. கவலை வலியை உண்டாக்கவில்லை, பெருக்குகிறது.

கடைமடைக்கு வராத செய்தி

2023ஆம் ஆண்டு வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாகவும், தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதத்தினருக்கு அது உள்ளதாகவும் மதிப்பிட்டது. இவர்களில் கணிசமானோருக்கு, ஆண்டுகள் செல்லச் செல்ல, நரம்புப் பாதிப்பு வருகிறது.

பாதத்தின் நுனியிலிருந்து செய்தி கொண்டுவரும் நரம்புச் செல்லின் உடல் இடுப்பருகே தண்டுவடத்தை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து கால் கட்டைவிரல் வரை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரே இழை. அந்த நீளம் முழுவதற்கும் வேண்டிய பொருள்களைச் செல்லின் உடலே தயாரித்து அனுப்ப வேண்டும். இரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் கூடுதலாக இருந்தால் இந்த அனுப்புதல் தடைப்படுகிறது. நரம்புக்கு இரத்தம் தரும் நுண்ணிய குழாய்களும் கெடுகின்றன. அப்போது முதலில் பட்டுப்போவது கடைசி நுனி. பெரியாறு கால்வாய்த் தண்ணீரை எதிர்பார்த்திருக்கும் மேலூர்ப் பகுதி விவசாயிகளுக்குக் கடைமடை என்றால் என்ன என்று நாங்கள் விளக்க வேண்டியதில்லை. இரண்டு கால் விரல்களிலும் ஒரே நேரத்தில் தொடங்கி, மெல்ல மேலேறி, முழங்கால் அளவை எட்டும்போது கைவிரல் நுனிகளிலும் மதமதப்பு தொடங்குவது இந்தக் கணக்கின்படிதான். பலருக்கு முதலில் கெடுவது சூட்டையும் வலியையும் சுமக்கும் அந்த நுண்ணிய இழைகளே. எனவே தொட்டால் தெரியும், நடக்கவும் முடியும். சுட்டால் மட்டும் தெரியாது.

இந்த நிலையில் உள்ள ஒருவர் சித்திரைத் திருவிழாவுக்குச் செல்வதாக எண்ணிப் பாருங்கள். கள்ளழகர் வைகையில் எழுந்தருளிய நாள் 2024இல் ஏப்ரல் 23. 2025இல் மே 12. ஆண்டின் கடுமையான வெயில் காலம் அது. அழகரை வரவேற்கத் தோல் பையில் நீர் நிரப்பிப் பீய்ச்சும் பக்தர்கள் பலர் காலில் செருப்பின்றியே நடப்பார்கள். செய்தியில் வெளியாகும் 40 டிகிரி என்பது நிழலில் அளந்த காற்றின் வெப்பம். பாதம் தொடுவது காற்றை அன்று; தரையை. நண்பகல் வெயிலில் தார்ச்சாலையின் மேற்பரப்பு 60 டிகிரி வரையிலும் சூடேறக்கூடும். தோல் வெந்துபோக 44 டிகிரியில் ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆகும். 60 டிகிரியில் சுமார் ஐந்து நொடிகள் போதும். 1947இல் செய்யப்பட்ட சோதனைகள் காட்டிய இந்தக் கணக்கு இன்றும் தீப்புண் மருத்துவத்தில் பயன்படுகிறது. நல்ல நரம்புள்ளவர் இரண்டாவது அடியிலேயே துள்ளி நிழலுக்கு ஓடிவிடுவார். நரம்பு பட்டுப்போனவர் நிதானமாக நடந்துகொண்டிருப்பார். மறுநாள் காலையில் பாயில் ஈரம் இருப்பதைப் பார்த்து, கொப்புளம் உடைந்ததை வீட்டார் கண்டுபிடிப்பார்கள்.

வலி இல்லை என்பதால் அவர் மருத்துவமனைக்கு வரமாட்டார். வலியில்லாத புண் சிறிய புண் என்று நம்மவர்கள் கருதுகிறார்கள். உண்மை நேர்மாறாக இருக்கக்கூடும். நீரிழிவு இல்லாதவருக்கும், தோலின் முழு ஆழமும் வெந்துபோன தீப்புண்ணில் நரம்பு நுனிகளும் சேர்ந்து எரிந்துவிடுவதால் நடுப்பகுதியில் வலி இராது, ஓரங்களில்தான் இருக்கும். தீப்புண்ணின் கடுமையை வலியைக் கொண்டு அளக்காதீர்கள்.

கோயிலுக்குச் செல்ல வேண்டாம் என்பது எங்கள் கருத்தன்று. காலை எட்டு மணிக்கு முன்போ மாலையிலோ செல்லுங்கள். பல கோயில்களில் கோடையில் தேங்காய் நார் விரிப்பும் வெப்பத்தைத் தடுக்கும் வெள்ளைப் பூச்சும் இடப்படுகின்றன. சுற்றிச் செல்ல வேண்டியிருந்தாலும் அவற்றின் மீதே நடங்கள். பருத்திக் காலுறை ஓரளவு காக்கும். பூக்குழி இறங்குவதைப் பற்றி மட்டும் சற்றுக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சாம்பல் பூத்த கங்கு வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். பாதம் அதைத் தொடும் நேரமும் சொற்பம். அதனால் பெரும்பாலோர் காயமின்றிக் கடந்துவிடுகிறார்கள். அந்தச் சொற்ப நேரம் சுடும் உணர்வு உந்தித் தள்ளுவதால் வருவது. உணர்வில்லாத பாதம் தயங்கும், தடுமாறும். நேர்த்திக்கடன் உள்ளவர்கள் காப்புக் கட்டுவதற்கு முன்பே பாதத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். உணர்வு குறைந்திருப்பது தெரியவந்தால் அம்மனுக்கு வேறு வகையில் நேர்த்தி செலுத்துமாறு நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்.

திருவிழா ஆண்டுக்கு ஒருமுறைதான். வீட்டுக்குள் நடப்பவை அதைவிட அதிகம். குதிகால் வலிக்குச் செங்கல்லைச் சூடாக்கி எருக்க இலை வைத்து ஒத்தடம் கொடுப்பது இப்பகுதியில் வழக்கம். உணர்வற்ற பாதத்துக்கு அது நேரடித் தீக்காயம். வெந்நீரில் கால் ஊறவைத்தல், வெந்நீர்ப் பை, இருசக்கர வாகனத்தின் சைலன்சர், ஓட்டுநர் அருகே என்ஜின் மூடிமேல் கால் வைத்துப் பேருந்தில் செல்லும் பயணம் ஆகிய அனைத்தும் இதே வகையைச் சேர்ந்தவை. குளிக்கும் நீரின் சூட்டைப் பாதத்தாலோ விரலாலோ பார்க்காமல் முழங்கையால் பாருங்கள். அதைவிட நல்லது, நரம்பு நலமாக உள்ள வேறொருவர் பார்ப்பது. பக்கவாதத்தால் உடலின் ஒரு பக்கத்தில் உணர்வு குறைந்தவர்களுக்கும் இது பொருந்தும். அவர்களுக்குக் குளிப்பாட்டும் மகளோ மருமகளோ, "சுடுதா?" என்று அவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடாது.

செருப்பு காலிலிருந்து கழன்று விழுந்தது தெரியாமல் நடந்துசெல்வது, பஞ்சின்மேல் நடப்பதுபோல் இருப்பது, முள் குத்தியதை மறுநாள் பார்ப்பது ஆகியவை உணர்வு குறைந்ததன் அடையாளங்கள். அரசின் 'பாதம் பாதுகாப்போம்' திட்டத்தின் கீழ் நீரிழிவு நோயாளிகளின் பாதங்கள் பரிசோதிக்கப்படுகின்றன. மெல்லிய நைலான் இழையை உள்ளங்காலில் அழுத்தி உணர்வு தெரிகிறதா என்று கேட்பதும், அதிரும் கவையை எலும்பின்மேல் வைப்பதும் வழக்கமான சோதனைகள். இவை பெரும்பாலும் பருத்த நரம்பிழைகளைச் சோதிப்பவை என்பதால், இவற்றில் தேறியவருக்கும் சூடு, குளிர் உணர்வு குறைந்திருக்கலாம். உங்களுக்கு ஐயம் இருந்தால் வெதுவெதுப்பான நீரும் குளிர்ந்த நீரும் உள்ள குழாய்களால் சோதிக்குமாறு மருத்துவரிடம் கேளுங்கள். உடலில் வேறெங்கேனும், நிறம் மங்கிய ஒரு தேமலில் மட்டும் சூடு தெரியவில்லை என்றால் அது தொழுநோயின் தொடக்கமாக இருக்கலாம். அதற்கு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை உண்டு, முழுமையாகக் குணமாகும்.

பாதத்தில் கொப்புளம் கண்டால் குத்தி உடைக்காதீர்கள். சூடு பட்டது அப்போதே தெரிந்தால் ஓடும் சாதாரண நீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். பனிக்கட்டி வேண்டாம், பற்பசை, பேனா மை, இட்லி மாவு எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் மூடி, அன்றே வாருங்கள்.

சூடில்லாமல் எரியும் கால்

இதன் மறுபக்கம் நோயாளிகளை அதிகம் வதைப்பது. பகலெல்லாம் மரத்துக் கிடக்கும் அதே கால், இரவில் படுத்தவுடன் தணல்மேல் வைத்ததுபோல் எரிகிறது. போர்வை பட்டால்கூடப் பொறுக்காது. தொட்டுப் பார்க்கும் மனைவிக்கு அது குளிர்ந்திருக்கிறது. "தொட்டா ஜில்லுன்னு இருக்கு, எரியுதுங்கிறாரே" என்று அவர் எங்களிடம் கேட்பார். கணவர் பொய் சொல்கிறாரோ என்ற ஐயம் அதில் ஒலிக்கும்.

அவர் பொய் சொல்லவில்லை. கெட்டுவரும் நரம்பிழை, யாரும் தட்டாமலேயே தானாகச் செய்தி அனுப்பத் தொடங்குகிறது. அந்த இழை காலமெல்லாம் சூட்டுச் செய்தியையே சுமந்துவந்தது. ஆகவே அதில் எது வந்தாலும் மூளை அதைச் சூடு என்றே வாசிக்கிறது. எரிச்சல் என்பது மூளை எடுக்கும் முடிவு என்பதற்கு நூற்றாண்டு பழமையான சான்று ஒன்றும் உண்டு. 1896ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு மருத்துவர் துன்பெர்க், வெதுவெதுப்பான கம்பிகளையும் குளிர்ந்த கம்பிகளையும் மாற்றி மாற்றி அடுக்கி அதன்மேல் கையை வைத்தால், இரண்டுமே தனித்தனியாகச் சுடாதவை என்றபோதும், சேர்ந்து எரிவதுபோல் தோன்றுவதைக் காட்டினார். பகலில் நடப்பதும் பேசுவதும் பார்ப்பதுமாகப் பிற செய்திகள் வாயிலை நிறைத்திருப்பதால் எரிச்சல் அடங்கியிருக்கிறது. இரவின் அமைதியில் அது மட்டுமே எஞ்சுகிறது.

எரிகிறதே என்று ஐஸ் வைப்பதும், இரவு முழுவதும் வாளி நீரில் காலை வைத்திருப்பதும் தோலைக் கெடுத்துப் புண்ணாக்கும். பாராசிட்டமால் போன்ற வலி மாத்திரைகள் இதில் அதிகம் உதவா. அவை அழற்சியால் வரும் வலிக்கானவை. நரம்பின் தேவையற்ற செய்தியைத் தணிக்கும் அமிட்ரிப்டிலின், டுலோக்செட்டின், கேபபென்டின், பிரீகாபலின் போன்றவையே பயன்படும். இவற்றில் சில மனச்சோர்வுக்கும் வலிப்புக்கும் தரப்படுபவை. மருந்துச் சீட்டைப் பார்த்த மருந்துக் கடைக்காரரோ உறவினரோ "இது மனநோய் மாத்திரையாச்சே" என்று சொன்னதால் மருந்தை நிறுத்திவிட்டு வருபவர்கள் பலர். மூளையிலிருந்து கீழிறங்கும் வலித்தடுப்பு வழிகளை இம்மருந்துகள் வலுப்படுத்துவதால் தரப்படுகின்றன. அவருக்கு மனநோய் என்பதால் அல்ல. பலன் தெரிய இரண்டு வாரங்களேனும் ஆகும். எரிச்சல் முழுவதும் நீங்காமல் பாதியாகக் குறைந்தாலே நல்ல பலன் எனக் கொள்ளலாம்.

காலெரிச்சல் எல்லாமே நீரிழிவால் வருவதன்று. வைட்டமின் பி12 குறைவு, மதுப்பழக்கம், காசநோய்க்கான ஐசோனியாசிட், சில புற்றுநோய் மருந்துகள் ஆகியவையும் காரணமாகலாம். நெடுநாள் மெட்ஃபார்மின் உட்கொள்வோருக்கு பி12 குறைய வாய்ப்புண்டு என்பதால் அதையும் பரிசோதிக்க வேண்டும். பல ஆண்டுகள் உயர்ந்திருந்த சர்க்கரை திடீரென்று வேகமாகக் குறைந்தாலும் சில காலம் எரிச்சல் கூடும். இன்சுலின் போட்ட பிறகுதான் எரிச்சல் வந்தது என்று கூறி இன்சுலினை நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் வாருங்கள்.

உள்ளே ஏறும் சூடு

இதுவரை கூறியது தோலில் படும் சூடு. வெப்ப அலையில் உயிரைப் பறிப்பது உடலுக்குள் ஏறும் சூடு. அதைக் கவனிப்பது மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ். தோலிலிருந்து வரும் செய்தியுடன் தன் வழியே பாயும் இரத்தத்தின் வெப்பத்தையும் அளந்து, வியர்வையைக் கூட்டி, தோலுக்கு இரத்தத்தைத் திருப்பிவிட்டு, உடலை 37 டிகிரிக்கு அருகில் வைத்திருக்கிறது. இதில் பெரும்பகுதி நம் அறிவுக்கு எட்டாமலேயே நடக்கிறது. நமக்குத் தெரியவருவது புழுக்கம், தாகம், சோர்வு ஆகிய மூன்றுதான். முதியவர்களுக்கு அந்த மூன்றும் மங்கிவிடுகின்றன. இரத்தத்தில் நீர் குறைந்த பின்னும் அவர்களுக்குத் தாகம் எடுப்பதில்லை, வியர்வையும் குறைவு. நீரிழிவால் நரம்பு கெட்டவர்களுக்குக் காலில் வியர்ப்பதே நின்றுவிடுவதுண்டு. தகரக் கூரை போட்ட அறையில், மின்விசிறிக் காற்றும் அனலாக வீசும் நண்பகலில், "எனக்கு ஒண்ணும் இல்லை, தண்ணி வேண்டாம்" என்று பாட்டி சொன்னால் அதை மறுப்பாகக் கொள்ளாமல் எச்சரிக்கையாகக் கொள்ளுங்கள்.

நீர் பிரியும் மாத்திரைகள், இதயத்துக்கான சில மாத்திரைகள், மனநலச் சிகிச்சை மருந்துகள் ஆகியவை வெப்பத்தைத் தாங்கும் ஆற்றலைக் குறைக்கும். மேலே கூறிய அமிட்ரிப்டிலினும் வியர்வையைக் குறைப்பதே. ஒரு நோய்க்குத் தரும் மருந்து மற்றொரு ஆபத்தைக் கூட்டும் இத்தகைய இடங்களில் நாங்களும் தயங்கித்தான் முடிவெடுக்கிறோம். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். கோடை தொடங்குமுன் மருந்துகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துவந்து காட்டுங்கள்.

இந்திய வானிலை ஆய்வுத் துறை, சமவெளியில் வெப்பம் 40 டிகிரியை எட்டி, வழக்கத்தைவிட 4.5 டிகிரியேனும் கூடும்போது வெப்ப அலை என்கிறது. மதுரையின் கோடையில் வழக்கமான வெப்பமே அதிகம் என்பதால், கடும் வெயில் அடித்தும் அந்த அளவுகோலை எட்டாத நாள்கள் பல இருக்கும். அறிவிப்பு இல்லாத 39 டிகிரி நாளும் மேற்கூறியவர்களுக்கு ஆபத்தானதே. எச்சரிக்கைகள் காற்றின் வெப்பத்தோடு இரவின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துச் சொன்னால் நோயாளிகளுக்கு அதிகம் பயன்படும் என்பது எங்கள் கருத்து.

வெயிலில் இருந்தவரோ புழுக்கமான அறையில் இருந்தவரோ குழப்பமாகப் பேசினால், தள்ளாடினால், வலிப்பு வந்தால், மயங்கினால் அது வெப்பத்தாக்கம் எனக் கொள்ளுங்கள். உடல் வெப்பம் 40 டிகிரியை (104 பாரன்ஹீட்) எட்டியிருக்கும். வியர்த்திருக்கிறதே என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். வெயிலில் உழைத்தவர்களுக்கு வியர்த்த நிலையிலும் இது வரும். இங்கு பாராசிட்டமால் பயன்படாது. காய்ச்சலில், கிருமியை எதிர்க்கும் பொருட்டு ஹைப்போதலாமஸ் தன் இலக்கையே உயர்த்திக்கொள்கிறது. மாத்திரை அந்த இலக்கை இறக்குகிறது. வெப்பத்தாக்கத்தில் இலக்கு 37இலேயே இருக்கிறது. உடல்தான் அதை மீறிச் சுட்டுக்கொண்டிருக்கிறது. இறக்க வேண்டியது சூட்டையே. நிழலுக்குக் கொண்டுசென்று, இறுக்கமான ஆடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் குளிர்ந்த ஈரத்துணியை வையுங்கள். மயங்கியவர் வாயில் நீரோ மோரோ ஊற்றாதீர்கள். 108ஐ அழைத்துவிட்டு, ஊர்தி வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தாதீர்கள். வண்டி கிடைத்துவிட்டது என்பதற்காக ஊற்றுவதை விட்டுவிட்டு ஓடுவது, காக்கக்கூடிய மூளையை வழியில் இழப்பதாகும்.

மருத்துவமனையில் நாங்கள் முதலில் கேட்கும் விவரங்களை வரும் வழியிலேயே ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: எத்தனை மணிக்குக் கடைசியாகத் தெளிவாகப் பேசினார், எங்கே கிடந்தார், வெயிலிலா அறையிலா, அறையில் காற்றோட்டம் இருந்ததா, காலையிலிருந்து எவ்வளவு நீர் குடித்தார், எந்த மாத்திரைகள், எத்தனை மணிக்கு உடலில் நீர் ஊற்றத் தொடங்கினீர்கள். இவை சிகிச்சைக்கு உதவும். நாங்கள் சேரும் முன்பே நீங்கள் குளிர்வித்திருந்தால், வெப்பமானி காட்டும் எண் குறைந்தே இருக்கும், அது நல்லது. ஆனால் அப்போது வெப்பத்தாக்கம் என்று எழுத எங்களுக்கு ஆதாரமாக இருப்பது நீங்கள் கொண்டுவரும் அந்தத் தாள்தான். வீட்டிலேயே இறந்துபோகும் முதியவர்களின் மரணம் பெரும்பாலும் "மாரடைப்பு" என்ற ஒற்றைச் சொல்லில் முடிந்துவிடுகிறது. அன்று அறை எப்படி இருந்தது என்பதை யாரும் குறித்துவைப்பதில்லை. அத்தகைய நிலையிலும் இதே விவரங்களைச் சான்றளிக்கும் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.